அம்மாயி குடமும் ஜெர்மன்காரன் கப்பலும்

கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணியாகத் தைத்த, உள்பக்கம் புசுபுசுவென்று இருக்கிற ஓர் உடுப்பைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன். அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, கைக்கொழந்தைக்குப் போடறதாட்ட இருக்குது, ஆனா உன்ற அளவுக்கு இருக்குதே, என்னதிது?" என்றார். டிரைசூட்டுக்கு உள்ளே போடுவது என்றேன். டிரைசூட் என்றால்? தண்ணீருக்குள் நனையாமல் இருக்கப் போடுவது. "நனையாம இருக்கோணும்னா தண்ணிக்குள்ள எதுக்கு எறங்கறே?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் இது இவ்வளவு நீளமாகிவிட்டது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு. போன செப்டம்பரில் வேலையாக இங்கிலாந்து போனபோது கூடவே லீவும் சேர்த்துப் போட்டு, ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கிற ஆர்க்னி தீவுகளுக்குப் போனேன். அங்கே சுற்றிலும் தீவுகள் வேலி கட்டினாற்போல் நிற்க, நடுவில் ஸ்காப்பா ஃப்ளோ என்று ஓர் உள்கடல். முதல் உலகப்போர் ஓய்ந்ததும் ஜெர்மன் கடற்படையின் 74 கப்பல்களைக் கொண்டுவந்து அதில் நிறுத்தி வைத்திருந்தார்கள். சமாதானப் பேச்சு முறிந்து, கப்பல்கள் பிரிட்டிஷ்காரன் கைக்குப் போய்விடும் என்று நினைத்தார் அவற்றின் தளபதி லுட்விக் ஃபான் ராய்ட்டர். 1919 ஜூன் 21 காலை, காவலுக்கு நின்ற பிரிட்டிஷ் கப்பல்களில் பெரும்பாலானவை பயிற்சிக்கு வெளியே போன நேரம் பார்த்து, எல்லாவற்றையும் மூழ்கடிக்கச் சொல்லி சிக்னல் கொடுத்தார். மாலுமிகள் அடியில் இருக்கும் வால்வுகளைத் திறந்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் 52 கப்பல்கள் அடியில். அன்றைக்கென்று பார்த்து ஸ்ட்ரோம்னஸ் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஃப்ளையிங் கெஸ்ட்ரல் என்ற படகில் அந்தக் கப்பல்களை வேடிக்கை பார்க்க டூர் வந்திருக்கிறார்கள்! நாங்கள் ஐந்தாம் வகுப்பில் பவானிசாகர் டேமுக்கு டூர் போனோம், புளிசோற்றுப் பொட்டலத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடியதுதான் அன்றைய பெரிய சம்பவம். கண்முன்னே ஒரு கடற்படையே கவிழ்ந்த டூரிலிருந்து வீட்டுக்கு வந்த பிள்ளை அம்மாவிடம் என்ன சொல்லியிருக்கும், அம்மா நம்பியிருப்பாரா?

மூழ்கியவற்றில் பெரும்பாலானவற்றைப் பிற்பாடு தூக்கி எடுத்துவிட்டார்கள். பெரிய கப்பல்களில் ஏழு இன்னும் கிடக்கின்றன: கோனிக், க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம், மார்க்கிராஃப் என்ற மூன்று போர்க்கப்பல்கள், ப்ரும்மர், கோல்ன், ட்ரெஸ்டன், கார்ல்ஸ்ரூஹே என்ற நான்கு குரூசர்கள். நான் இறங்கியது கோல்னில்.

தண்ணீர் எனக்குப் பழக்கமானது அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, வீட்டுக் கிணற்றில். காங்கேயம் பக்கம். பாறையை வெடி வைத்து இறக்கிய எண்பது அடிக் கிணறு, சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்தான் படி. லீவுக்கு வரும் மாமன் பையன்கள் எல்லாம் மிதப்பதற்கு இடுப்பில் சுரைப்புருடையை, அதான் காய்ந்த சுரைக்குடுக்கையை, கட்டிக்கொண்டு மோட்டார் ரூம் மேலிருந்து குதிப்பார்கள். பொட்டப்புள்ளைகள் மேட்டில் உட்கார்ந்து துணிக்குக் காவல். ஒரு நாள் அப்புச்சி என்ன நினைத்தாரோ, எனக்கும் ஒரு புருடையைக் கட்டி உள்ளே தள்ளிவிட்டார். பாவாடையோடு. காற்று அடியில் புகுந்து பாவாடை குடையாட்டம் விரிந்துகொண்டது, நான் தலைகீழாகாமல் தப்பித்ததே பெரிது. அம்மாயி மேலே நின்று அப்புச்சியைத் திட்டிய திட்டு பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு வாரத்தில் நீச்சல் வந்துவிட்டது, இரண்டாவது வாரத்தில் பாவாடைக் காற்றை எப்படித் தட்டி வெளியே விடுவது என்பதும் வந்துவிட்டது. இந்த இரண்டாவது வித்தை முப்பது வருசம் கழித்து ஸ்காட்லாந்தில் உதவும் என்று யார் கண்டார்கள்.

ஏனென்றால் டிரைசூட் என்பது அந்தப் பாவாடையேதான். கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இறுக்கிப் பிடிக்க, உடம்பைச் சுற்றி ஒரு பை நிறையக் காற்று. ஆழம் போகப் போக அந்தக் காற்று அமுங்கிச் சூட் உடம்பைக் கவ்வும், சிலிண்டரிலிருந்து கொஞ்சம் உள்ளே விட வேண்டும். மேலே வரும்போது அதே காற்று விரியும், தோளில் இருக்கும் வால்வு வழியாக வெளியே விட வேண்டும். மறந்தால் காற்றெல்லாம் காலுக்குப் போய், கால் மேலே தலை கீழே என்று கார்க் மாதிரி மேலே அடித்துக்கொண்டு போவோம். அவ்வளவு வேகமாக மேலே வந்தால் உடம்பில் கரைந்திருக்கிற நைட்ரஜன் சோடா மூடியைத் திறந்தாற்போல் குமிழ் குமிழாகப் பொங்கும், ஆளையே முடக்கிப் போட்டுவிடும்.

அந்தமானில் முதல்முறை டைவிங் கற்றபோது தண்ணீர் 29 டிகிரி, மேலே ஒரு டீ-ஷர்ட் போதும். டிரைசூட் பழகியது இங்கிலாந்து நடுவே லெஸ்டர்ஷையரில், ஸ்டோனி கோவ் என்று தண்ணீர் தேங்கிப்போன ஒரு பழைய கிரானைட் குவாரியில். இதை அம்மாவிடம் போனில் சொன்னது என் தப்பு. திருப்பூரைச் சுற்றி எத்தனை பாறைக்குழி இருக்கிறது, வருசா வருசம் எத்தனை பிள்ளைகள் அதில் போகிறார்கள் என்று ஒரு பாடு பேசிவிட்டு, "காசு குடுத்துப் பாறைக்குழில உழுகறவள நான் இப்பத்தான் பாக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

குளிரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நமக்குக் குளிர் என்றால் ஊட்டி, அதுவும் ஸ்வெட்டரோடு பஜ்ஜி தின்கிற குளிர். ஸ்காப்பா ஃப்ளோவில் செப்டம்பர்தான் தண்ணீர் சூடாக இருக்கும் காலம், அந்தச் சூடு 13 டிகிரி. குளிர்கால முடிவில் 6 வரைக்கும் இறங்குமாம். காற்றைவிடத் தண்ணீர் கிட்டத்தட்ட 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும், ஆகவே 13 டிகிரிக் காற்றும் 13 டிகிரித் தண்ணீரும் ஒன்றல்ல. அண்டர்சூட்டைக் கையில் வாங்கியதும் நான் செய்த முதல் வேலை அதைத் திருப்பிப் போட்டுத் தையல் பார்த்தது, தொழில் புத்தி எங்கே போகும். நல்ல கனமான ஃப்ளீஸ், ஃப்ளாட்லாக் தையல், உடம்பை அறுக்காது. அதன் மேல் டிரைசூட், இரண்டு சிலிண்டர், இடுப்பில் ஈயம், தலைக்குத் தொப்பி, கைக்குத் தடித்த உறை. டெக்கில் எழுந்து நின்றபோது தலையில் ஒரு மூட்டையும் இடுப்பில் ஒரு மூட்டையும் வைத்து நடக்கச் சொன்ன மாதிரி இருந்தது.

முதல் நாள் ஒரு தப்பு செய்தேன். பின்னலை இறுக்கிக் கட்டியிருந்தேன், ஆனாலும் பிடரியில் நாலு முடி கழுத்துப் பட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. நாலே முடி. அந்த வழியாகப் பனிக்கட்டியைக் கரைத்து ஊற்றினாற்போல் ஒரு சொட்டு, அப்புறம் ஒரு சொட்டு, முதுகெலும்பு வழியே இறங்கி இடுப்பில் தேங்கி, பத்தாவது நிமிடம் என் பல் மவுத்பீஸைத் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. கூட வந்த டைவர் என் கண்ணைப் பார்த்தே கட்டை விரலைத் தூக்கிவிட்டார், டைவிங்கில் அதற்கு 'சபாஷ்' என்று அர்த்தமில்லை, 'மேலே போகலாம்' என்று அர்த்தம். அன்றைக்கு நான் பார்த்தது ஒரு கயிறும் கொஞ்சம் பச்சைத் தண்ணீரும்தான்.

மறுநாள் தலையில் எண்ணெய் தேய்த்து வழித்து வாரி, ஒரு முடி தப்பாமல் துணியால் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

கப்பலில் கட்டிய கயிறு மேலே மிதவை வரை நீளும், அதைப் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டும். பத்து மீட்டரில் வெளிச்சம் பச்சையாகிறது. பதினைந்தில் என் சிவப்பு உறை கறுத்துவிட்டது, சிவப்பு நிறம்தான் தண்ணீரில் முதலில் சாகும். கண்ணுக்கு எட்டியது ஏழெட்டு மீட்டர். கிணற்றில் முங்கி அடிமண்ணைத் தொட்டுவிட்டு வருகிறேன் என்று பந்தயம் கட்டிப் பாதியில் கண்ணைத் திறந்தால் ஒரு பச்சை இருட்டு இருக்குமே, அதே இருட்டு. பயம் வந்தது, ஆனால் தெரிந்த பயம். அப்புறம் கீழிருந்து ஒரு வெள்ளைத் தோட்டம் ஏறி வந்தது.

கப்பலைக் காணோம். நிஜமாகவே நான் முதலில் கப்பலைத் தேடினேன். 155 மீட்டர் நீளம், வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கிறது, அடிமண் 35 மீட்டர் ஆழத்தில், மேலே தூக்கியிருக்கும் இடப்பக்க விலா இருபது சொச்சத்தில் என்றெல்லாம் படகிலேயே படம் போட்டுச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அங்கே இரும்பு என்று ஒரு சாண் இடம் கண்ணில் படவில்லை. விலா முழுக்க ப்ளூமோஸ் அனிமோன். கடல் சாமந்தி என்று பாடப்புத்தகத்தில் வருமே அந்த இனம், ஆனால் இது காலிஃபிளவரைத் தண்டோடு நட்டு வைத்தது போல் இருக்கும். வெள்ளைப் பாத்தி ஒன்று, அதை ஒட்டி ஆரஞ்சுப் பாத்தி ஒன்று, வரப்பு பிரித்த மாதிரி. காரணம் கேட்டால் ஈரோட்டுக்காரர்களுக்கு உடனே புரியும்: இது நகரும்போது அடிப்பாதத்தில் கொஞ்சம் பிய்ந்து ஒட்டிக்கொள்ளும், அந்தத் துண்டே முழு அனிமோனாக வளரும். மஞ்சக்கிழங்கை உடைத்து நடுகிற கதைதான். ஆகவே ஒரு பாத்தி முழுக்க ஒரே தாயின் துண்டுகளாக இருக்கும், நிறமும் ஒன்றாகவே இருக்கும்.

இடையிடையே வேறொன்று, வீங்கிப்போன விரல்களை முஷ்டியாக மடக்கினாற்போல் கொத்துக் கொத்தாக. இதற்கு ஆங்கிலத்தில் 'செத்தவன் விரல்' என்று பெயர். மென்பவளம். நான் போன நேரம் அதன் உறக்க காலம்: கோடை முடிவிலிருந்து தீனியை நிறுத்திவிட்டு, கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு, மேலே செம்பழுப்பாகப் பாசி படிய விட்டு மாசக்கணக்கில் கிடக்கும். குளிர்காலத்தில் அந்தத் தோலை உரித்துப் போட்டுவிட்டு மறுபடி வெள்ளையாக எழும். அழுக்குப் படிந்து கிடந்ததால் பெயருக்கு இன்னும் பொருத்தமாகத்தான் இருந்தது.

குளிர்க்கடலில் என்ன இருக்கப் போகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்தமான் தண்ணீர் கண்ணாடி மாதிரி நீலமாக இருப்பது அதில் சத்து குறைவு என்பதால். இந்தப் பச்சை மங்கல் எல்லாம் உயிர், கண்ணுக்குத் தெரியாத மிதவைப்பாசியும் அதைத் தின்கிற பூச்சிகளும். குளிர்காலத்தில் கடல் கலங்கி அடியில் இருக்கும் சத்து மேலே வரும், வசந்தத்தில் வெயில் நீண்டதும் பாசி பொங்கும். அதை அள்ளிக்கொண்டு நீரோட்டம் ஓடுகிறது. அனிமோனுக்கு வேண்டியது ஓட்டத்தில் நிற்க ஓர் இடம் மட்டும்தான், இந்தக் கடலின் அடியோ வெறும் சேறு, கால் ஊன்ற முடியாது. அங்கே ஒரு மத்தியான நேரத்தில் 52 இரும்பு மலைகள் வந்து விழுந்தால் எப்படி இருக்கும்! நம்மூர்ப் பொட்டல் காட்டில் திடீரென்று ஒரு பாறைக்கரடு முளைத்தது மாதிரி.

டார்ச்சை அடித்தால்தான் கப்பல் மெதுவாகப் பிரிந்து தெரிகிறது. படகு இறக்கும் வளைந்த இரும்புக் கைகள் இன்னும் வெளியே நீட்டியபடியே இருக்கின்றன. நங்கூரச் சங்கிலி, ஒவ்வொரு கண்ணியும் என் தலை அளவு, அதன் மேல் மெல்லிய கைகளைப் பின்னிக்கொண்டு பிரிட்டில் ஸ்டார் என்கிற நட்சத்திரப் பிராணிகள். ஊதாவும் சிவப்புமாகக் கடல் முள்ளெலிகள், அவை மேய்ந்துவிட்டுப் போன இடத்தில் மட்டும் இரும்பு வெறிச்சென்று தெரியும், ஆடு மேய்ந்த வரப்பு மாதிரி. ஒரு தகடு மடிந்த இடுக்கில் காங்கர் விலாங்கு, சாம்பல் நிறம், என் தொடை தண்டி. அது டார்ச்சைப் பார்த்த பார்வையில் பயமே இல்லை, நடுராத்திரியில் கதவைத் தட்டியவனைப் பார்க்கிற சலிப்புதான். பக்கத்திலேயே பழுப்பும் பச்சையுமாக ஒரு பாலன் ராஸ் மீன். இந்த ராஸ் எல்லாம் பொறக்கும்போது பெண், வளர்ந்த பிறகு சிலது மட்டும் ஆணாகும். என்னமோ தெரியவில்லை, கிணற்று மேட்டில் துணிக்குக் காவல் உட்கார்ந்த ஞாபகம் அங்கே வந்து சிரிப்பு வந்தது, சிரித்ததில் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தது.

ஆழம் காட்டும் என் டைவ் கம்ப்யூட்டர் 31 மீட்டர் காட்டியது. நூறு அடிக்கு மேல், அப்புச்சி கிணற்றைவிட ஆழம். அந்த ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் நான்கு மடங்கு, மூச்சுக் காற்றும் நான்கு மடங்கு வேகத்தில் தீரும். மூளையும் கொஞ்சம் மந்தமாகும், காற்றுமானியை மூன்று தடவை பார்த்த பிறகுதான் எண் மனதில் நின்றது. சரி, கிளம்ப வேண்டிய நேரம்.

கோல்னின் நடுவில் இயந்திர அறைப் பக்கம் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. பித்தளை, செம்பு எடுக்கப் பிற்காலத்தில் வெடி வைத்த இடம். மற்ற கப்பல்களை முழுதாகத் தூக்கிய கதை இன்னும் சுவாரஸ்யம். எர்னஸ்ட் காக்ஸ் என்பவர், கப்பல் தூக்கி அனுபவமே இல்லாத பழைய இரும்பு வியாபாரி, 1924-ல் அரசாங்கத்திடமிருந்து மூழ்கிய கப்பல்களை விலைக்கு வாங்கினார். சின்னக் கப்பல்களுக்குச் சங்கிலியும் கயிறும் கட்டி மேலே மிதக்கும் டாக்கில் பிணைத்துவிட்டு, கடல் ஏற்றம் வரும்போது தண்ணீரையே தூக்க வைத்தார். பெரிய கப்பல்களுக்கு ஓட்டைகளை எல்லாம் அடைத்துத் தண்ணீரை வெளியேற்றிக் காற்றை நிரப்பினார், கவிழ்ந்த கப்பல் கவிழ்ந்தபடியே மேலே வந்தது. ஹிண்டன்பர்க் என்ற பெரிய கப்பல் பல தடவை ஆட்டம் காட்டிவிட்டு 1930-ல்தான் எழுந்தது. இப்படி ஓர் ஆள் கோயமுத்தூரில் பிறந்திருந்தால் சொந்தமாகவே ஒரு பம்ப் கம்பெனி ஆரம்பித்திருப்பார்.

இதைப் படித்தபோதெல்லாம் எனக்கு அம்மாயியின் பித்தளைக் குடம்தான் ஞாபகம். கல்யாணச் சீராக வந்த குடம், ஒரு நாள் கயிறு அறுந்து கிணற்றுக்குள் போய்விட்டது. பாதாளக் கரண்டியை இரவல் வாங்கி வந்து அப்புச்சி இரண்டு நாள் துழாவினார். வந்ததெல்லாம் ஒரு வாளிப் பிடியும் யாருடையதோ ஒற்றைச் செருப்பும். 2017 வறட்சியில் கிணறு காய்ந்தபோது சேற்றோடு அந்தக் குடம் வந்தது, அம்மாயி போய்ச் சேர்ந்து நாலு வருசம் கழித்து. கழுத்து நசுங்கி, உள்ளே வெளியே எல்லாம் நத்தைக் கூடு. அம்மா ஒரு நாள் பூராவும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். இப்போது எங்கள் வீட்டு வாசலில் அதில்தான் பூ போட்டு வைக்கிறோம்.

ஸ்காப்பா ஃப்ளோவில் அது நடக்காது. அந்த ஏழு கப்பலும் 2001 முதல் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள், ஒரு ஆணியைக் கூட எடுக்கக் கூடாது. அதே கடலில் இன்னொரு கப்பல் இருக்கிறது, ராயல் ஓக், 1939 அக்டோபரில் ஜெர்மன் நீர்மூழ்கி உள்ளே புகுந்து அடித்தது, எண்ணூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அது கல்லறை, நாம் இறங்கவே அனுமதி இல்லை. மேலே மிதவை ஒன்று ஆடிக்கொண்டிருக்கும், படகு ஒதுங்கிப் போகும். கோல்ன் அப்படிக் கனக்கவில்லை எனக்கு. பவானிசாகரில் தண்ணீர் வற்றும்போது டணாய்க்கன் கோட்டைக் கோயில் மண்டபம் வெளியே தெரியும், ஜனங்கள் பரிசலில் போய்க் கும்பிட்டுவிட்டு வருவார்கள், தண்ணீர் ஏறியதும் அது மறுபடி ஜிலேபி மீனுக்குப் போய்விடும். எனக்கு அந்த மாதிரிதான் இருந்தது. வேறொருவர் குடியிருக்கிற வீட்டுக்குள் விலாசம் தவறி நுழைந்துவிட்டு, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நின்ற கூச்சம்.

உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, மேலே வந்து, லிஃப்டில் நின்று டெக்குக்கு ஏறினேன். உதடு மரத்துப் போனதால் கையில் கொடுத்த டீ பாதி கழுத்தில் வழிந்தது. பால் கம்மி, சர்க்கரையே இல்லை. நல்ல டீ என்று பொய் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் வீடியோவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அம்மா போனை எட்ட வைத்து, கிட்ட வைத்துப் பார்த்தார். "காலிஃபிளவரு நல்லாத்தான் வெளஞ்சிருக்குது. கப்பல் எங்க?" இதுதான் கப்பல் என்றேன். இன்னொரு தடவை போடச் சொன்னார். விலாங்கு வந்த இடத்தில் நிறுத்தி, "இது ஊட்டுக்காரனாட்ட இருக்குது" என்றார். நான் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அண்டர்சூட் பீரோவில் ஏறிவிட்டது, இங்கே அதற்கு வேலை இல்லை. டார்ச்சை அப்பா எடுத்துக்கொண்டார். நூறு மீட்டர் ஆழம் வரைக்கும் தண்ணீர் போகாது என்று அதில் எழுதியிருக்கிறது. ராத்திரி த்ரீ-பேஸ் கரண்ட் வருகிற நேரத்துக்கு அதைப் பிடித்துக்கொண்டுதான் மோட்டார் போடப் போகிறார். வழியில் பாம்பு தெரிகிறதாம், கிணற்றுக்குள் அடித்தால் தண்ணீர் எத்தனை படி இருக்கிறது என்று மேலேயிருந்தே எண்ண முடிகிறதாம். நேற்றைக்குப் பதினோரு படி.